கூட்டிவந்தது யார்?

கிரிப்டோவில் பணத்தைத் தொலைத்தவர்களைப் பற்றிச் செய்தி வந்தால் தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. காவல்துறை அதிகாரி பத்திரிகையாளர் சந்திப்பில் சொல்வதும், தொலைக்காட்சி விவாதத்தில் நிதி ஆலோசகர் சொல்வதும், டீக்கடையில் பேப்பர் படிப்பவர் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: பேராசை பிடித்தவன், விவரம் தெரியாதவன், போய் விழுந்தான். மருந்தும் தயாராக இருக்கிறது. விழிப்புணர்வு முகாம், துண்டுப் பிரசுரம், ‘ஏமாறாதீர்கள்’ என்று ஒரு குறும்படம். இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பலர் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் தீர்ப்பு தப்பு.

புதிதாக வருகிறவன் கிரிப்டோவைத் தானே தேடிக் கண்டுபிடித்து, தன் காலால் நடந்து உள்ளே போனான் என்று அந்தத் தீர்ப்பு எடுத்துக்கொள்கிறது. அப்படிப் போனவர்கள் மிகச் சிலர். மற்றவர்களை யாரோ கூட்டிவந்திருக்கிறார்கள்: மைத்துனர், கூட வேலை பார்க்கிறவர், ஊர்க்காரர், டெலிகிராம் குழுவின் அட்மின், கிரிக்கெட் ஓவர்களுக்கு நடுவே வந்து சிரித்த நடிகர். கூட்டிவந்தவர்களில் கணிசமானவர்களுக்கு அதில் வரும்படி இருந்தது. எந்த மாதத்தில் கூட்டிவருவது என்பதையும் அந்த வரும்படிதான் முடிவுசெய்தது. வந்தவனின் குணத்தையே ஆராய்ந்துகொண்டிருந்தால் கூட்டிவந்தவனின் கணக்கை யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை.

ஆரம்பத்திலிருந்தே பார்க்கலாம். 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயருக்குப் பின்னால் இருந்த யாரோ, பிட்காயினைப் பற்றிய ஒன்பது பக்கக் கட்டுரையைக் குறியாக்கவியலில் ஈடுபாடு கொண்ட சிலருக்கு அனுப்பிவைத்தார். 2009 ஜனவரியில் வலைப்பின்னல் ஓடத் தொடங்கியது. முதல் பரிமாற்றத்தில் பத்து பிட்காயின் பெற்றவர் ஹால் ஃபின்னி என்ற நிரலாளர். அன்றைக்கு அந்தப் பத்துக்கும் சந்தையில் விலையே கிடையாது. 2010-ல் கவின் ஆண்ட்ரசன் என்ற இன்னொரு நிரலாளர், வந்து கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஐந்து பிட்காயின் சும்மா கொடுத்தார். கேட்பது எந்திரம் இல்லை, மனிதன்தான் என்று காட்ட ஒரு சின்னச் சோதனை, அவ்வளவுதான் நிபந்தனை. அதே ஆண்டு ஃப்ளோரிடாவில் லாஸ்லோ ஹான்யெட்ஸ் இரண்டு பீட்சாவுக்குப் பத்தாயிரம் பிட்காயின் கொடுத்தார். பேராசை மனிதர்களைத் தானாகவே இழுத்துவந்துவிடும் என்பது உண்மையானால், இலவசமாகக் கொடுத்த அந்த நாள்களில் தெருமுனை வரை வரிசை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வரிசை எப்போது நின்றது என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

சர்வதேசத் தீர்வு வங்கியின் ஆய்வாளர்கள், 95 நாடுகளில் 2015 முதல் 2022 வரை கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் செயலிகள் எப்போது, எவ்வளவு பேரால் இறக்கிக்கொள்ளப்பட்டன என்று திரட்டிப் பார்த்தார்கள். விலை ஏறுகிறது, அதற்குப் பின்னால் புதியவர்கள் வருகிறார்கள். இந்த வரிசை நாட்டுக்கு நாடு மாறவில்லை. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் செயலியை இறக்கியது, ஒரு பிட்காயின் 20,000 டாலரைத் தாண்டி நின்ற காலத்தில். இறக்கியவர்கள் எல்லோரிலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் நஷ்டப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வின் மதிப்பீடு. இதைவிட முக்கியமான ஒன்று அதிகம் பேசப்படவில்லை. விலை ஏறியபோது சிறிய கைகள் வாங்கிக்கொண்டிருந்தன, மிகப் பெரிய கையிருப்பு வைத்திருந்தவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். புதியவனின் பணம் எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. முன்னால் வந்தவன் வெளியேற அது பயன்பட்டது.

விலை ஏறியபோது ஓடிவந்தார்கள் என்றால் அதுதானே பேராசை என்று கேட்கலாம். கேட்கிறார்கள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனைப் பார்த்துப் பெருந்தீனிக்காரன் என்று சொல்கிற கதை இது. முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. தவிர, விலை ஏறியது என்ற தகவல் தானாக ஒரு வீட்டுக்குள் நுழைவதில்லை. நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருப்பவருக்கோ, மதுரையில் கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவருக்கோ சந்தையின் வரைபடத்தைக் காலையில் எழுந்ததும் பார்க்கிற பழக்கம் கிடையாது. அந்தத் தகவலை ஒருவர் எடுத்துவந்து கையில் கொடுக்க வேண்டும். இந்தியாவில் அதை எடுத்துவந்தவர்கள் யார், எந்த மாதத்தில் வந்தார்கள் என்பது பொதுப் பதிவில் உள்ள விஷயம்.

2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கையின் மூலம், கிரிப்டோ வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு வங்கிகள் எந்தச் சேவையும் தரக்கூடாது என்றது. எக்ஸ்சேஞ்சுகள் பல மூடின. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்துசெய்தது. மூன்று வாரத்தில் ஊரடங்கு. வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களின் கையில் செல்பேசி இருந்தது, யுபிஐ இருந்தது, பலருக்குச் சம்பளம் இல்லை. தடை நீங்கிவிட்டது, ஆனால் தடை இருந்த இடத்தில் சட்டம் எதுவும் வரவில்லை. அந்த வெற்றிடத்துக்குள் வெளிநாட்டு முதலீட்டாளர்களின் பணம் பாய்ந்தது. 2021 ஆகஸ்டில் காயின்டிசிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் நூறு கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனமானது. அக்டோபரில் காயின்ஸ்விட்ச் குபேர் 26 கோடி டாலர் முதலீடு பெற்று அதையும் தாண்டிப் போனது. இந்த மாதிரி நிறுவனங்களுக்கு மதிப்பு ஏறுவது எத்தனை பேர் கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து. ஆகவே ஆள் வேண்டியிருந்தது. நிறைய ஆள், சீக்கிரம்.

ஆள் கிடைக்கும் இடம் கிரிக்கெட். ஐபிஎல்லின் இரண்டாம் பாதி செப்டம்பரில் தொடங்கியது. அது முடிந்த கையோடு அக்டோபர் 17 அன்று இருபது ஓவர் உலகக் கோப்பை. ரன்வீர் சிங் ஒரு நிறுவனத்துக்கு, ஆயுஷ்மான் குரானா இன்னொன்றுக்கு. அமிதாப் பச்சனும் வந்தார். நூறு ரூபாய் இருந்தால் போதும் என்றார்கள். எந்த விளம்பரமும் பிட்காயின் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல மெனக்கெடவில்லை. உன் வயதுப் பையன்கள் எல்லாம் போய்விட்டார்கள், நீ மட்டும் ஏன் நிற்கிறாய் என்பதுதான் சேதி. பண்டிகைக் காலம் வேறு. தங்கம் வாங்குகிற நேரத்தில் இதையும் கொஞ்சம் வாங்கிப் பார் என்கிற தொனி.

இப்போது மூன்று தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நவம்பர் 10: பிட்காயின் 69,000 டாலரைத் தொட்டு அந்தச் சுற்றின் உச்சத்தை அடைந்தது. நவம்பர் 13: அளவுமீறி வாக்குறுதி தருகிற கிரிப்டோ விளம்பரங்கள் இளைஞர்களைத் தவறாக வழிநடத்துகின்றன என்ற கவலை, பிரதமர் தலைமையில் நடந்த கூட்டத்தில் எழுந்தது. நவம்பர் 14: துபாயில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. அந்த ஒரு மாதத்தில் உள்ளே வந்தவன் சரித்திரத்திலேயே அதுவரை இல்லாத உச்சத்தை ஒட்டிய விலைக்கு வாங்கினான். அவனைக் கூட்டிவருவதற்குப் பணம் கொட்டப்பட்டதும் அதே மாதத்தில்தான். இது தற்செயல் என்று சொல்கிறவர்களுக்கு விளம்பரத் தொழில் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். விலை விழுந்து கிடக்கும்போது யாரும் கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் காசு கொடுத்து இடம் பிடிப்பதில்லை.

எச்சரிக்கை எப்போது வந்தது? இந்திய விளம்பரத் தர மன்றம் 2022 பிப்ரவரியில் விதி வகுத்து, ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. இவை கட்டுப்பாட்டுக்கு உட்படாதவை, ஆபத்து மிகுந்தவை, நஷ்டமானால் எந்த ஒழுங்காற்று அமைப்பிடமும் போய் நிற்க முடியாமல் போகலாம் என்று விளம்பரத்தில் சொல்லியாக வேண்டும். நல்ல விதிதான். அது வந்து சேர்ந்த நாளில் பிட்காயின் உச்சத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கை இழந்திருந்தது. ஜூனில் 20,000 டாலருக்குக் கீழே போனது. நவம்பரில் 16,000 அளவில் நின்றது. அமெரிக்காவிலும் இதே கதைதான்: 2022 பிப்ரவரி 13 அன்று சூப்பர் பவுல் ஆட்டத்தின் இடைவேளைகளை எஃப்டிஎக்ஸ், காயின்பேஸ், கிரிப்டோ.காம் போன்ற எக்ஸ்சேஞ்சுகள் பங்குபோட்டுக்கொண்டன. ஒன்பது மாதத்தில் எஃப்டிஎக்ஸ் திவால்.

இனி ‘விவரம் தெரியாதவன்’ என்ற பாதிக்கு வருகிறேன். இதுதான் படித்தவர்களுக்கு மிகவும் பிடித்த பாதி. சொல்கிறவர் தன்னை விவரம் தெரிந்தவர் பக்கம் வைத்துக்கொள்ள முடிகிறது அல்லவா?

இமாச்சலப் பிரதேசத்தில் 2018-ல் தொடங்கிய ஒரு மோசடி இருக்கிறது. கோர்வியோ என்ற காயினில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் பல போலிக் காயின்களைக் காட்டி ஏறக்குறைய 2,500 கோடி ரூபாய் புழங்கியதாக 2023-ல் அமைக்கப்பட்ட சிறப்புப் புலனாய்வுக் குழு சொன்னது. அதில் பணம் போட்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போலீஸ்காரர்கள். பெரும்பாலானோர் மண்டி மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். சிலர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முழுநேரமாக ஆள் சேர்க்கப் போனார்கள். மோசடி என்றால் என்ன, எப்படி நடக்கும், எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்பதெல்லாம் தினசரி வேலையாக இருந்தவர்கள் இவர்கள். இவர்களுக்கு எந்த விழிப்புணர்வு முகாம் நடத்துவது? யாரைக் கூப்பிட்டு நடத்துவது? அவர்கள் விழுந்ததற்குக் காரணம் அறிவில் இருந்த ஓட்டை கிடையாது. ஒரே குடியிருப்பில் இருக்கிற, ஒரே ஸ்டேஷனில் இரவுப் பணி பார்க்கிற சக காவலர் வந்து தன் செல்பேசியைத் திறந்து, தனக்கு வந்த பணத்தைக் காட்டினார். சீருடைக்குள் இருக்கிற நம்பிக்கை அந்த மோசடிக்கு மூலதனம். அதை வெளியாள் ஒருவன் ஆயிரம் பிரசுரம் அடித்தாலும் சம்பாதித்திருக்க முடியாது.

போலீஸ்காரர்களுக்கு நிதி தெரியாது என்று விட்டுவிடலாம். ஒரு வங்கித் தலைவருக்கு? கான்சாஸ் மாநிலத்தின் எல்க்ஹார்ட் என்ற சிற்றூரில் இருந்த ஹார்ட்லேண்ட் ட்ரை-ஸ்டேட் வங்கியின் தலைவர் ஷான் ஹேன்ஸ். 2023 கோடையில் இவர் தன் வங்கியின் பணம் 4 கோடியே 70 லட்சம் டாலரைச் சில வாரங்களுக்குள் கிரிப்டோவாக மாற்றி, இணையத்தில் அறிமுகமானவர்கள் காட்டிய போலி முதலீட்டுக் கணக்குக்கு அனுப்பினார். அதற்கு முன்பே தன் தேவாலயத்தின் பணத்தையும் மகளின் படிப்புக்காகச் சேர்த்ததையும் அதில் போட்டிருந்தார். ஜூலை மாதம் வங்கி மூடப்பட்டது. அவருக்கு 24 ஆண்டுகளுக்கு மேல் சிறை. அவர் குற்றவாளிதான், பரிதாபப்பட ஒன்றுமில்லை. ஆனால் கடன் கேட்டு வருகிறவர்களின் காகிதங்களைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த மனிதர் அவர். நிதிக் கல்வி கேடயமாக இருக்கும் என்றால் அது அவர் மேலேதான் முதலில் இருந்திருக்க வேண்டும்.

இதைவிடக் கசப்பான உண்மை ஒன்று உண்டு: கல்வியே பல இடங்களில் தூண்டில். ருஜா இக்னாடோவா பல்கேரியாவின் சோஃபியாவிலிருந்து 2014-ல் தொடங்கிய ஒன்காயின் எதை விற்றது தெரியுமா? காகிதத்தில் அது காயினை விற்கவே இல்லை. ‘கல்வித் தொகுப்பு’ விற்றது. 100 யூரோவில் தொடங்கி லட்சம் யூரோவைத் தாண்டும் தொகுப்புகள் இருந்தன. பாடம் வாங்கினால் டோக்கன் இனாம், டோக்கனிலிருந்து காயின் கிடைக்கும் என்று ஏற்பாடு. அந்தக் காயினுக்குப் பின்னால் உண்மையான பிளாக்செயினே இல்லை. 2016 ஜூனில் லண்டனின் வெம்ப்ளி அரங்கில் மேடையேறிய அந்தப் பெண்மணி, கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். 400 கோடி டாலர் அளவுக்குச் சேர்ந்தபின் 2017 அக்டோபரில் மாயமானார். 2022-ல் அமெரிக்க எஃப்பிஐ தன் மிக முக்கியமான பத்துக் குற்றவாளிகளின் பட்டியலில் அவரைச் சேர்த்தது. நம் நாட்டில் கெயின்பிட்காயின் நடத்திய அமித் பரத்வாஜ், தொடக்கநிலை ஆட்களுக்கான கிரிப்டோ கையேடு எழுதியவர். மாதம் பத்து விழுக்காடு வீதம் பதினெட்டு மாதம் பிட்காயினாகவே திரும்பத் தருவதாகச் சொன்ன அவருடைய திட்டத்தில் சேர்ந்தவர்கள், ஏதோ காட்டில் அலைந்து குழியில் விழுந்தவர்கள் அல்லர். செமினாருக்குப் போய், குறிப்பெடுத்து, கேள்வி கேட்டு, பதில் கிடைத்து, அதன்பிறகு பணம் கட்டினார்கள். கடைசியில் பிட்காயினுக்குப் பதிலாக பரத்வாஜ் தரப்பே உருவாக்கிய எம்கேப் என்ற காயின் வந்தது.

விழிப்புணர்வு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மோசடிக்காரன் விழிப்புணர்வு வகுப்பைத் தானே நடத்துகிற காலத்தில், இன்னொரு வகுப்பு மருந்தாகாது என்கிறேன்.

பேராசைக்கு வருவோம். இது குணத்தைப் பற்றிய குற்றச்சாட்டு, ஆகவே யாரும் ஆதாரம் கேட்பதில்லை. ஃபிலிப்பைன்ஸில் கபனதுவான் என்ற ஊர் இருக்கிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கால் வேலை போனபோது அங்கே சிலர் ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டைக் கண்டார்கள். வியட்நாமில் இருக்கிற ஸ்கை மேவிஸ் என்ற நிறுவனத்துடையது. செல்பேசியில் சிறு பிராணிகளை மோதவிட்டால் எஸ்எல்பி என்ற டோக்கன் கிடைக்கும், அதை விற்றுப் பெசோவாக்கலாம். ரிக்‌ஷா ஓட்டியவர், பெட்டிக்கடை வைத்திருந்த வயதானவர்கள், படிப்பு நின்றுபோன பிள்ளைகள் என்று பக்கத்து வீட்டைப் பார்த்துப் பக்கத்து வீடு ஆடத் தொடங்கியது. ஆட மூன்று பிராணிகள் வேண்டும். 2021 நடுவில் அவற்றின் விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. உடனே ‘மேனேஜர்’ என்றொரு இனம் முளைத்தது. பிராணிகள் அவருடையவை, விளையாடுவது ‘ஸ்காலர்’ என்று அழைக்கப்பட்ட கூலியாள், கிடைப்பதில் பங்கு பிரித்துக்கொள்வார்கள். குத்தகை விவசாயம் தெரிந்த யாருக்கும் இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது.

இவர்களில் யாரைப் பேராசைக்காரர் என்பது? அன்றாட அரிசிக்காக ஆடியவர்கள் அவர்கள். 2021 கோடையில் ஒரு டோக்கன் முப்பது சென்ட்டைத் தாண்டியது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஓரிரு சென்ட்டுக்கு வந்துவிட்டது. புதிய ஆட்கள் வந்து பிராணிகளை வாங்கிக்கொண்டே இருந்தால் மட்டுமே பழைய ஆட்களுக்குக் கூலி கிடைக்கும் என்பது அந்த விளையாட்டின் கட்டமைப்பு. 2022 மார்ச்சில் அதன் ரோனின் வலைப்பின்னலிலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் களவுபோனது. வடகொரியாவின் லாசரஸ் குழுதான் களவாடியது என்று எஃப்பிஐ சொன்னது. கபனதுவான் பாட்டிக்கும் வடகொரிய ராணுவத்துக்கும் இடையே இப்படியொரு தொடர்பு உண்டாகும் என்று எந்தக் கதாசிரியரும் துணிந்து எழுதியிருக்க மாட்டார்.

எல் சால்வடோர் அரசே கூட்டிவந்த கதையும் உண்டு. 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டபூர்வப் பணமாக்கி, சிவோ என்ற வாலட்டை இறக்குகிறவர்களுக்கு 30 டாலர் இனாம் கொடுத்தார்கள். பின்னர் பொருளாதார அறிஞர்கள் ஆய்ந்தபோது, இறக்கியவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் அந்த முப்பதைச் செலவழித்தபின் வாலட்டைத் திரும்பத் தொடவில்லை என்று தெரிந்தது. பேராசைக்காரர்கள் அடங்காதவர்கள் என்பது நம் எண்ணம். இவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கூட்டிவருவதற்கு ஆளும் அன்பளிப்பும் இல்லாதபோது கூட்டமும் இல்லை.

வினோதம் என்னவென்றால், கிரிப்டோவை வெறுப்பவர்களும் அதைக் கொண்டாடுகிறவர்களும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். பணம் போனபின் கொண்டாடுகிறவர்கள் சொல்வது: ‘நீயே ஆராய்ச்சி பண்ணியிருக்க வேண்டும்.’ சரி, ஆராய்ச்சி பண்ணுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? எஃப்டிஎக்ஸில் செக்கோயா என்ற முதலீட்டு நிறுவனம் 21 கோடி டாலருக்கு மேல் போட்டிருந்தது. சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக் 27 கோடியே 50 லட்சம் டாலர். இரண்டும் 2022 நவம்பரில் மொத்தத்தையும் பூஜ்யம் என்று எழுதிவிட்டன. அங்கே வாடிக்கையாளர் பணத்தை நிறுவனர் சாம் பேங்க்மேன்-ஃப்ரீட் கையாடல் செய்துகொண்டிருந்தது இவர்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சேலத்தில் இருந்துகொண்டு ஒரு செல்பேசியை வைத்து அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று ஒரு பையனைக் குறைசொல்வது அறிவுரை கிடையாது, தப்பித்துக்கொள்கிற வழி.

என் வாதத்துக்கு எதிராக நியாயமாகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. கூட்டிவந்தவரும் பெரும்பாலும் ஏமாந்தவர்தானே? மண்டியில் சக காவலரைச் சேர்த்தவரும் பணத்தை இழந்தவர்தான். இன்னும் கீழே போனால் படம் இன்னும் இருட்டாகிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் துப்பாக்கிக் காவலுக்குள் அடைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். அத்தகைய வளாகங்களில் நடக்கும் வேலை, ஊர்பேர் தெரியாதவர்களோடு வாரக்கணக்கில் நட்பாகப் பேசிக் கிரிப்டோவுக்குள் இழுப்பது. எல்க்ஹார்ட் வங்கியை விழுங்கியதும் இந்த வகை மோசடிதான். ஏமாற்றுகிற கையே விலங்கு போட்ட கையாக இருக்கிற தொழில் இது.

ஒப்புக்கொள்கிறேன். சங்கிலியின் அடிக்கண்ணியில் இருக்கிற எல்லோரையும் சிறையில் போடச் சொல்லவில்லை. ஆனால் இந்த மறுப்பு என் பக்கத்தையே வலுவாக்குகிறது. ஏமாந்தவன் அடுத்தவனைச் சேர்க்கிறான் என்றால், சேர்ப்பதற்கு அவனுக்கு ஒரு காரணம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ரெஃபரல் கமிஷன், டவுன்லைன், அழைப்புக் குறியீடு. 2019-ல் தொடங்கிய பை நெட்வொர்க்கில் யாராவது அழைத்தால்தான் சேரவே முடியும், நாம் அழைத்தவர்கள் கூடக்கூட நம் ‘மைனிங்’ வேகமும் கூடும். இதில் பேராசையைத் தேடுவதைவிட வடிவமைப்பைப் பார்ப்பது பயன் தரும். ஒவ்வொரு புதியவனும் நுழைந்த மறுநாளே ஆள் சேர்ப்பவனாக மாறும்படி யாரோ உட்கார்ந்து யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்.

பேராசை என்ற தீர்ப்பு தப்பு மட்டும் இல்லை, அது கேடும் செய்கிறது. ஊரே பேராசைக்காரன் என்று சொல்லும் எனத் தெரிந்தவன் ஸ்டேஷனுக்குப் போகமாட்டான். மனைவியிடம் சொல்லமாட்டான். வெட்கத்தில் வாய் மூடிக்கொள்வான். அவன் மூடிக்கொண்ட வாய்தான் மோசடிக்காரனுக்குக் கிடைக்கிற கூடுதல் அவகாசம். போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று அடுத்த கும்பல் வந்து, முன்பணம் கேட்பதும் அந்த மௌனத்தை நம்பித்தான். பெருந்துறையில் ஈமு வளர்ப்பு முதலீட்டுத் திட்டம் சரிந்து, கோழிகள் 2012-ல் பட்டினி கிடந்தபோதும் நாம் முதலீட்டாளரைப் பார்த்துத்தான் சிரித்தோம். அந்த விளம்பரங்களில் முகம் காட்டியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முகம் காட்டியவர்களிடம் கேட்க முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. ஈத்தீரியம்மேக்ஸ் என்ற டோக்கனைப் பற்றி இன்ஸ்டாகிராமில் எழுத 2,50,000 டாலர் வாங்கியதைச் சொல்லாமல் மறைத்ததற்காக, கிம் கர்தாஷியன் 2022 அக்டோபரில் 12 லட்சத்து 60 ஆயிரம் டாலர் கட்டினார். சிங்கப்பூர் 2022 ஜனவரியிலேயே பொதுமக்களிடம் கிரிப்டோவை விளம்பரப்படுத்தாதீர்கள் என்றது. பிரிட்டன் 2023 அக்டோபர் 8 முதல் இரண்டு காரியம் செய்தது: நண்பரைச் சேர்த்தால் பரிசு என்பதைத் தடைசெய்தது, முதல்முறை ஒரு நிறுவனத்துக்குள் வருகிறவருக்கு 24 மணி நேரம் யோசிக்க அவகாசம் கொடுத்தது. இரண்டிலும் புதியவனின் குணத்தைத் திருத்தும் முயற்சி எதுவும் கிடையாது. கூட்டிவருகிறவனின் வரும்படியிலும் அவசரத்திலும்தான் கைவைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் ஒரு மியூச்சுவல் ஃபண்டை விற்றுக் கமிஷன் வாங்க வேண்டுமானால் தேர்வு எழுதிப் பதிவு எண் வாங்க வேண்டும். காப்பீட்டு முகவருக்கும் தேர்வு உண்டு. பதிவு இல்லாமல் பங்குகளைப் பற்றி ஆலோசனை சொல்லும் இணையப் பிரபலங்களோடு தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் கைகோக்கக் கூடாது என்று செபி 2024-ல் விதி போட்டது. கிரிப்டோ செபியின் வட்டத்துக்குள் வராததால் அந்த விதி இங்கே எட்டாது. 2019-ல் வந்த ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம், தெரிந்தே பொய் சொல்லிப் பிறரைச் சேர்த்துவிடுவதைக் குற்றம் என்கிறது. அது பணம் திரட்டும் மோசடிகளுக்கு உதவலாம், எக்ஸ்சேஞ்ச் விளம்பரத்துக்கு உதவாது. அரசு இந்தத் தொழிலில் மிகக் கவனமாகச் செய்து முடித்த வேலை வரி: 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 விழுக்காடு, ஜூலை முதல் விற்பனையில் ஒரு விழுக்காடு பிடித்தம், ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் அனுமதி இல்லை. புதிதாக வருகிறவன் பேன் எண், ஆதார், முகப்படம் எல்லாம் கொடுத்துத்தான் கணக்குத் தொடங்க முடியும். அவனை அனுப்பிவைத்தவன் கொடுத்தது ஒரு லிங்க்.

பிரிட்டனின் விதிகளை இங்கே கொண்டுவரலாம் என்றால், தொழில் நாட்டைவிட்டே போய்விடும் என்று உடனே பதில் வருகிறது. பிரிட்டனில் காயின்பேஸும் கிராக்கனும் போகவில்லை, விதிக்கு ஏற்றபடி செயலியை மாற்றிக்கொண்டன. பைபிட் போன்ற சிலர் அந்த நேரத்தில் கடையை மூடிக்கொண்டு கிளம்பியது உண்மைதான். பரிசு கொடுக்காமல், யோசிக்க ஒரு நாள் விட்டுவைத்து ஆள் சேர்க்க முடியாது என்று ஒரு வியாபாரம் சொன்னால், அது கிளம்பிப் போனதில் பிரிட்டன்காரர்கள் எதை இழந்தார்கள் என்பதையும் அதுவே சொல்லட்டும்.